ஒடுங்கிய எழுத்து: ஓர் அச்சுத் திறனாய்வு

கருங்கலை அடுத்த எங்கள் பங்கில் திருவிழா அழைப்பிதழ் அச்சாகி வந்த மறுநாள் காலை, என் பெரியம்மா வீட்டுப் படியேறி வந்தார்கள். எண்பதைக் கடந்தவர்கள். கையில் நான்காக மடித்த அழைப்பிதழ். கண்ணாடியை மூக்கிலிருந்து இறக்கியும் ஏற்றியும் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்கள். "மக்களே, இதுல அவன் பேரு எங்க இருக்கு? நானும் ராத்திரி முச்சூடும் தேடிப் பாத்தேன்" என்றார்கள். 'அவன்' என்றது அவர்களுடைய மூத்த மகனை. அவன் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவன் நினைவாக ஆறாம் திருவிழாத் திருப்பலிக்குப் பெரியம்மா தம் சேமிப்பிலிருந்து காணிக்கை கொடுத்திருந்தார்கள்.

பெயர் இருந்தது. ஆறாம் நாள் நிகழ்ச்சிக்குக் கீழே, பதினேழு பெயர்கள் அடங்கிய ஒரு பத்தியில், நான்காம் வரியில் இருந்தது. நானே விரலை வைத்துக் காட்டினேன். பெரியம்மா விரல் இருந்த இடத்தை உற்றுப் பார்த்தார்கள். "இருக்குன்னா சரி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

அந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை. காரணம், அந்த எழுத்தைத் தேர்ந்தவர்களுள் நானும் ஒருவன். விழாக் குழுவின் சார்பில் அச்சகத்தில் கணினித் திரைக்கு முன் அமர்ந்திருந்தபோது, பெயர்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கவில்லை. பணியாளர் மெலிந்து, நெருங்கி, உயர்ந்து நின்ற ஓர் எழுத்தைக் காட்டினார். திரையில் அது அழகாகவே இருந்தது. எல்லாம் அடங்கியும் விட்டது. "நல்லாயிருக்கு, இதையே போடுங்க" என்றேன். ஒருவர் பெயரும் விடுபடக் கூடாது என்பதற்காகவே அந்த எழுத்தைக் கொண்டுவந்தோம். அதனாலேயே ஒரு தாயால் தன் மகன் பெயரைக் காண முடியவில்லை. ஆகவே இக்கட்டுரையை ஒரு திறனாய்வாக மட்டுமன்றி, ஒருவகையில் என் கணக்கு ஒப்புவிப்பாகவும் வாசகர்கள் கொள்ளலாம்.

மூன்று பண்புகள்

நம் அழைப்பிதழ்களிலும் விளம்பரப் பலகைகளிலும் இன்று பரவலாகக் காணப்படும் அந்த எழுத்துக்கு மூன்று பண்புகள் உண்டு. ஒன்று, அதன் கோடு மெல்லியது. இரண்டு, அதன் அகலம் ஒடுங்கியது. மூன்று, அதன் கோடுகள் எங்கும் ஒரே தடிப்பில் ஓடி, முனைகளில் எவ்வித அணியுமின்றி முடிகின்றன. இம்மூன்றாவது பண்பையே அச்சுக் கலைஞர் 'சான்ஸ் செரிஃப்' என்பர். உரோமன் எழுத்துகளின் அடியிலும் தலையிலும் காணப்படும் சிறு கொடுக்குகளுக்குச் செரிஃப் என்று பெயர். அவை இல்லாதது சான்ஸ் செரிஃப். இம்மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை போலத் தோன்றினாலும் தனித்தனியானவை. இவற்றைப் பிரித்து நோக்காததே நம் தவறுகளுக்கு முதற் காரணம் என எண்ணுகிறேன்.

இலண்டன் நகரில் நான்காம் வில்லியம் கேஸ்லன் என்பவர் 1816ஆம் ஆண்டை ஒட்டிக் கொடுக்கில்லாத எழுத்தை முதன்முதலாக வார்த்து விற்பனைக்கு வைத்தார். அதில் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. அதன்பின் அந்த நூற்றாண்டு முழுவதும், சுவரொட்டியில் அதிகச் சொற்களை அடக்க வேண்டிய வணிகர்களுக்காக இவ்வகை எழுத்துகள் ஒடுக்கப்பட்டும் உயர்த்தப்பட்டும் வந்தன. ஒடுங்கிய எழுத்து சந்தைத் தெருவில் பிறந்தது. தூரத்திலிருந்து பார்ப்பவனை ஒரு சொல்லால் நிறுத்துவதே அதன் தொழில். நூலின் பக்கத்திலே மணிக்கணக்கில் வாசிப்பதற்காக அது பிறக்கவில்லை.

1957இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அட்ரியன் ஃபிரூட்டிகர் 'யூனிவர்ஸ்' என்னும் எழுத்துக் குடும்பத்தை வெளியிட்டார். ஒரே எழுத்து 21 உருவங்களில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஈரிலக்க எண் ஒன்று: முதல் இலக்கம் கோட்டின் தடிப்பைக் குறிக்கும், இரண்டாம் இலக்கம் அகலத்தையும் சாய்வையும் குறிக்கும். 55 என்பது நடுத்தரமானது. 39 என்பது மிக மெலிந்து மிக ஒடுங்கியது. மெலிவும் ஒடுக்கமும் இரு வேறு அளவுகோல்கள் என்பதை இந்த எண்முறை தெளிவாக்கியது. அதைவிட முக்கியம், ஒடுங்கிய உருவம் ஒவ்வொன்றும் அதற்கெனத் தனியே வரையப்பட்டது. அகன்ற எழுத்தைப் பிடித்து நசுக்கிப் பெறப்பட்டதன்று.

மெலிவு நமக்குப் புதியதன்று

தமிழ் எழுத்துக்கு மெல்லிய கோடு அந்நியமானது என்று சிலர் குறை கூறுவதுண்டு. அது சரியன்று. பனையோலையில் எழுத்தாணி கீறிய கோடு எங்கும் ஏறக்குறைய ஒரே தடிப்பினது. முடியைப் போல் மெல்லியது. அதில் கரி பூசிய பின்னரே கண்ணுக்குத் தெரியும். தடித்தும் மெலிந்தும் மாறி மாறி வரும் கோடு, இறகுப் பேனாவின் வழியிலே உருவான ஐரோப்பிய அச்செழுத்தின் சாயலாகவே நம் உலோக எழுத்தில் ஏறியது. அவ்வகையில் நோக்கினால், சீரான கோட்டையுடைய எழுத்து நம் ஓலைச் சுவடிக்குத் தூரத்து உறவினன் அல்லன்.

ஆனால் ஓலையின் எழுத்து மெல்லியதாயினும் திறந்த வயிறு உடையது. வளைவுகளுக்குள்ளே வெளி இருந்தது. எழுத்து அகலமாகப் படர்ந்து கிடந்தது. ஆகவே மெலிவு நம்முடையது. ஒடுக்கமே பிற்பாடு வந்தது. அந்த ஒடுக்கத்தின் வரலாற்றில் கிறிஸ்தவர்களாகிய நமக்கு நேர்ப்பங்கு உண்டு.

அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சாகி முடிந்தது என்பதை நம்மில் பலர் அறிவர். பதினாறு பக்கங்களே கொண்ட அந்நூலின் எழுத்துகள் கோவாவிலும் கொல்லத்திலும் வார்க்கப்பட்டவை. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அதுவே. பின்னர், 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்குத் தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தன. அவை உருவத்தில் மிகப் பெரியவை. புதிய ஏற்பாட்டை அவற்றால் அச்சிடத் தொடங்கியபோது தாள் போதவில்லை. எனவே சீகன்பால்குவும் அவருடைய உடன் உழைப்பாளர்களும் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715இல் அப்பணியை முடித்தனர். தாள் குறைவு, சொல் மிகுதி என்னும் நெருக்கடி இன்றைய கணினிக்காரர் கண்டுபிடித்ததன்று. அதற்கு முந்நூறாண்டு வயது. 19ஆம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் என்பவர் மேலும் சிறிய, செம்மையான எழுத்துகளை உருவாக்கினார். 1862இல் வெளிவந்த வின்சுலோவின் பேரகராதி அவ்வச்சகத்தின் கைவண்ணம்.

அவர்கள் எழுத்தைச் சிறிதாக்கினார்கள். ஆனால் நசுக்கவில்லை. ஈயத்தை இழுத்து நீட்டவோ பிடித்து ஒடுக்கவோ இயலாது. ஒவ்வோர் அளவுக்கும் புதிதாக அச்சுப்பொறி வெட்டியாக வேண்டும். வெட்டுகிறவன் சிறிய அளவுக்கு வரும்போது கோட்டைச் சற்றே தடிப்பாக்குவான். வளைவைச் சற்றே திறந்து வைப்பான். எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே கொஞ்சம் கூடுதலாக வெளி விடுவான். கண்ணுக்குச் செய்யும் இத்தொண்டு அவன் தொழிலின் ஒரு பகுதியாகவே இருந்தது.

தமிழ் ஏன் இடம் கேட்கிறது?

தமிழ்ச் சொல் நீளமானது. பெயரோடு வேற்றுமையும், வினையோடு காலமும் இடமும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சிறு சொற்களாகப் பிரிந்து நிற்பது தமிழில் ஒரே நெடுஞ்சொல்லாக நிற்கும். போதாதற்கு, பெரியார் 1935இல் தம் 'குடி அரசு' இதழில் கையாளத் தொடங்கி, 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா ஆகியவற்றின் பழைய கூட்டு வடிவங்களும், ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை வடிவங்களும் வழக்கொழிந்தன. கற்பதற்கும் தட்டச்சுக்கும் அது பெருநன்மை. அதே வேளையில், முன்பு ஓர் உருவத்தில் அடங்கியவை இன்று இரண்டு உருவங்களாக வரிசையில் நிற்கின்றன. வரியும் சற்று நீண்டது. எனவே நாளிதழ்த் தலைப்புக்கும் பேருந்துப் பலகைக்கும் அழைப்பிதழுக்கும் ஒடுங்கிய எழுத்து தேவை என்பதை மறுக்க இயலாது. தேவை உண்மையானது. அதை எவ்வாறு நிறைவு செய்கிறோம் என்பதே கேள்வி.

நம் எழுத்துகள் பல, மிகச் சிறிய வேறுபாட்டால் ஒன்றிலிருந்து மற்றொன்று பிரிகின்றன. 'ர' என்பதற்கும் துணைக்காலுக்கும் இடையே உள்ளது அடியில் சாய்ந்த ஒரு சிறு கீற்று மட்டுமே. கீற்று மங்கினால் 'பரவி' என்பது 'பாவி' ஆகிறது. 'தரம்' என்பது 'தாம்' ஆகிறது. 'எழு' என்பதும் 'ஏழு' என்பதும் ஒரு வாலால் வேறுபடுகின்றன. 'பெறு' என்பதும் 'பேறு' என்பதும் கொம்பின் ஒரு சுழியால் வேறுபடுகின்றன. குறிலையும் நெடிலையும் இவ்வாறு தெளிவாகப் பிரித்துக் காட்டிய பெருமையை நாம் வீரமாமுனிவருக்கு உரியதாக்குகிறோம். அவர் பிரித்து வைத்ததை ஒடுங்கிய எழுத்து ஓசையின்றி மீண்டும் சேர்த்துவிடுகிறது. 'மனம்' என்பதற்கும் 'மணம்' என்பதற்கும் இடையே ஒரு சுழி. ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் விட்டுவிட்ட புள்ளியை அச்சு நமக்கு மீட்டுத் தந்தது. மெல்லிய எழுத்தில் அது ஊசி முனையாகி மறுபடியும் மறைகிறது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. உரோமன் எழுத்துகளுள் பெரும்பாலானவை ஒன்றிரண்டு நிமிர்ந்த கோடுகளால் ஆனவை. ஒடுக்கினாலும் உள்ளே வெளி எஞ்சும். நம் 'ண', 'ஞ', 'ஊ', 'ஔ' முதலியன சுழிகளும் கோடுகளும் நிறைந்தவை. 'ட', 'ப' போன்றவை கிட்டத்தட்டக் காலியான பெட்டிகள். எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் ஒடுக்கினால் 'ப' தப்பிவிடும். 'ண' மூச்சுத் திணறும். ஆகவே தமிழில் ஒடுங்கிய எழுத்தை வரைபவர் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே எடைபோட்டு, எது எவ்வளவு விட்டுக்கொடுக்கும் என்று கண்டறிய வேண்டும். உள்வெளியைக் காக்கக் கோட்டைச் சற்று மெலிவிக்கவும் வேண்டும். மெலிவும் ஒடுக்கமும் அடிக்கடி கூட்டாக வருவதன் நியாயம் இதுதான்.

வரைந்ததும் நசுக்கியதும்

இந்த உழைப்பைச் செய்தவர்கள் இன்று இருக்கிறார்கள் என்பதை மகிழ்ச்சியோடு சொல்ல வேண்டும். பிரியா இரவிச்சந்திரன் வடிவமைத்த 'கட்டமரான்' என்னும் எழுத்துரு நம் கட்டுமரத்தின் பெயரைத் தாங்கியது. மிக மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது தடிப்புகளில் தமிழையும் உரோமனையும் ஒரே படகில் ஏற்றியது. கூகுள் நிறுவனத்தின் 'நோட்டோ சான்ஸ் தமிழ்' எழுத்துருவில் பல தடிப்புகளோடு பல அகலங்களும் உள்ளன. மும்பையைச் சேர்ந்த 'ஏக் டைப்' குழுவினர் 2022இல் வெளியிட்ட 'அனேக்' குடும்பம், ஒன்பது இந்திய எழுத்துமுறைகளையும் உரோமனையும் ஒருங்கே கொண்டது. அதன் தமிழ்ப் பகுதியை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். மெல்லியது முதல் மிகத் தடித்தது வரையும், ஒடுங்கியது முதல் விரிந்தது வரையும், இரு திசைகளிலும் இடைவெளியின்றி நகர்த்திக்கொள்ளும் 'மாறும் எழுத்துரு' அது. ஃபிரூட்டிகர் 21 படிகளாக வைத்ததை இது ஒரு சரிவுப் பாதையாகவே ஆக்கிவிட்டது. இவை யாவும் கட்டணமின்றிக் கிடைப்பவை.

'அனேக் தமிழ்' எழுத்தின் மெலிந்து ஒடுங்கிய முனையைப் பெரிய அளவில் தாளில் அச்சிட்டு நோக்கினேன். மூன்று விரற்கடை உயரத்தில் ஒரு சொல்லாக நின்றபோது அது மெய்யாகவே அழகு: கம்பியை வளைத்து எழுதியது போன்ற ஒழுக்கம், பக்கத்தின் வெண்மைக்குக் கேடு செய்யாத அடக்கம். அதே வடிவைப் பத்துப் புள்ளியில் பத்தியாக அச்சிட்டபோது, அது எழுத்தாக இல்லாமல் ஒரு சாம்பல் நிறமாகவே கண்ணில் பட்டது. இதற்காக வடிவமைத்தவரைக் குறை கூறுவது முறையன்று. அவர் ஒரு முனையை வரைந்து தந்தார். நடுவிலே எத்தனையோ படிகளையும் தந்தார். சட்டென்று முனைக்கு ஓடுவது நாம். அதே குடும்பத்தின் ஒடுங்கிய அகலத்தை நடுத்தரத் தடிப்போடு பன்னிரண்டு புள்ளியில் அச்சிட்டேன். இடமும் மிச்சமாயிற்று, 'ர'வின் கீற்றும் பிழைத்துக்கொண்டது.

பெரிய தீமை வேறிடத்தில் உள்ளது. அச்சகக் கணினிகளில் எந்த எழுத்தையும் பக்கவாட்டில் 60 விழுக்காட்டுக்கு நசுக்கிவிட ஒரு கட்டம் இருக்கிறது. அவ்வாறு நசுக்கும்போது, பத்து அளவு தடிப்புள்ள நிமிர்ந்த கோடு ஆறாகிறது. படுத்த கோடு பத்தாகவே நிற்கிறது. சுழிகள் முட்டையாகின்றன. எழுத்தின் தசை குறுக்கே வீங்கி நெடுக்கே வற்றுகிறது. இது ஒடுங்கிய எழுத்தன்று, ஒடுக்கப்பட்ட எழுத்து. எங்கள் அழைப்பிதழில் நேர்ந்தது இவ்விரண்டும் சேர்ந்தே: ஏற்கெனவே மெலிந்த ஓர் எழுத்தை எடுத்து, அதையும் நசுக்கியிருந்தோம்.

தாளும் கல்லும் கண்ணும்

எழுத்து திரையில் வாழ்வதில்லை. ஏதோ ஒரு பொருளின் மேல் வாழ்கிறது. மட்டத் தாளில் மை பரவும். அப்போது தடித்த எழுத்தின் வயிறு அடைபடும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக விட்டால் மை உள்ளே கசிந்து மெல்லிய கோட்டையே விழுங்கும். ஒளிநகல் எடுத்த செபத்தாளைப் பாருங்கள்: முதல் நகலில் புள்ளிகள் போகும், நகலின் நகலில் கொம்பும் போகும். ஃபிளக்ஸ் பலகைக்கு ஒட்டுத்தாள் வெட்டுகிறவரைக் கேட்டால், மெல்லிய கோடு உரிக்கும்போதே அறுந்துவிடும் என்பார்.

எங்கள் ஊரின் பெயரே கருங்கல். கல்லில் பொறிப்பதைப் பற்றிச் சொல்ல எங்களுக்குச் சற்று உரிமை உண்டு. கல்லறைத் தோட்டங்களில் மெருகேற்றிய கருங்கல் பலகைகள் பெருகிவிட்டன. உளியால் வெட்டிய பழைய கற்களில் எழுத்து கோணலாக இருக்கும். ஆனால் ஆழமாக இருக்கும். வண்ணம் போன பின்பும் பக்கவாட்டு வெயிலில் பெயர் நிழலாக எழுந்து நிற்கும். இன்று கணினியில் அமைத்து ஒட்டுத்தாள் வழியாக மேலோட்டமாகக் கீறப்படும் மெல்லிய எழுத்து, பூசிய வண்ணத்தை மட்டுமே நம்பி நிற்கிறது. சில மழைக்காலங்களில் வண்ணம் வெளுத்தால், பளபளக்கும் கல்லில் நம் முகம் தெரியும். இறந்தவரின் பெயர் தெரியாது.

இனி, கண். நாற்பதைத் தாண்டினால் அருகிலுள்ளதைக் காணும் ஆற்றல் தளர்கிறது. முதுமையில் கண்புரை வந்தால் கறுப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள வேறுபாடே மங்குகிறது. மெல்லிய எழுத்து வாசகனிடம் அந்த வேறுபாட்டையே நம்பி இரக்கிறது. நம் திருப்பலிகளிலும் அன்பியக் கூட்டங்களிலும் கையில் தாளோடு அமர்ந்திருப்போருள் முதியோரே மிகுதி என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தவற்றைச் செய்தது நாம் மட்டுமல்ல. 2013இல் ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசியின் ஏழாம் இயங்குதளத்துக்கு 'ஹெல்வெட்டிகா நியூ' எழுத்தின் மிக மெல்லிய உருவங்களைத் தேர்ந்தது. படிக்க இயலவில்லை என்னும் முறையீடு எழுந்தது. வெளியிடுவதற்கு முன்பே தடிப்பைக் கூட்டினார்கள். 2015இல் திரைக்கென்றே தாம் வரைந்த வேறோர் எழுத்துக்கு மாறினார்கள். செல்வமும் கலைஞர்களும் மிகுந்த ஒரு நிறுவனம் பின்வாங்க வெட்கப்படவில்லை. ஒரு பங்கின் விழாக் குழு வெட்கப்படலாமா?

அழகு என்னும் வாதம்

மெலிந்த எழுத்து நவீனமாக, நாகரிகமாகத் தோன்றுகிறதே என்று இளைஞர் கேட்கின்றனர். கேட்பது நியாயமே. பக்கம் முழுவதும் தடித்த எழுத்தைக் கொட்டிக் கூச்சலிடும் அழைப்பிதழ்களும் நம்மிடையே உண்டு. அவற்றுக்கு எதிர்வினையாகவே மெல்லெழுத்து வந்தது. அந்த அளவில் அது ஒரு நல்ல குணத்தின் அடையாளம். ஆனால் 1930இல் இலண்டன் அச்சுக்கலைஞர் கூட்டத்தில் பியாட்ரிஸ் வார்ட் என்னும் பெண்மணி ஆற்றிய உரையை அச்சுத் துறையினர் இன்றும் நினைவுகூர்கின்றனர். நல்ல அச்சை அவர் பளிங்குக் கிண்ணத்துக்கு ஒப்பிட்டார். கிண்ணம் தன்னைக் காட்டுவதற்கன்று, உள்ளிருக்கும் திராட்சை இரசத்தைக் காட்டுவதற்கே என்பது அவர் கருத்தின் சாரம். நாம் பொற்கிண்ணத்திலும் பொருள் கண்டவர்கள். ஆகவே அவரோடு முற்றிலும் உடன்பட வேண்டுமென்பதில்லை. எனினும் கிண்ணம் எத்தகையதாயினும் பருகக் கூடியதாக இருக்க வேண்டுமல்லவா?

இவ்விடத்தில் எங்கள் அழைப்பிதழை மறுபடியும் விரித்துப் பார்த்தேன். முன்பு காணாத ஒன்றைக் கண்டேன். சிறப்பு விருந்தினர், பெருங்கொடையாளர் ஆகியோரின் பெயர்கள் நடுத்தர அகலத்தில், தடித்து, ஒவ்வொன்றும் தனி வரியில் இருந்தன. பட்டங்களும் பதவிகளும் குறையவில்லை. அவர்களுக்கு இடம் விட்ட பிறகு எஞ்சிய இடத்திலேதான் ஏனைய குடும்பங்கள் ஒடுக்கப்பட்டிருந்தன. இட நெருக்கடி என்று நாங்கள் சொன்னது முழு உண்மையன்று. இடம் இருந்தது, அதை எப்படிப் பங்கிட்டோம் என்பதே செய்தி. கைம்பெண்ணின் இரு காசுகளைப் பற்றி மறையுரையில் கேட்டுத் தலையசைத்துவிட்டு வந்து, அவள் பெயரைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் அச்சிட்டோம். எழுத்தின் அகலத்தை நாங்கள் காணிக்கையின் அளவுக்கேற்ப வழங்கியிருக்கிறோம் என்பதை, அழைப்பிதழைக் கையில் எடுக்கும் எவரும் படிக்காமலே அறிந்துகொள்ளலாம்.

செய்யக்கூடியவை

இதற்கு மாற்று அரிதன்று. பெயருக்கு முன்னும் பின்னும் வரும் பட்டங்களைக் குறைத்தால் ஒரு பக்கத்தில் சில வரிகள் மிஞ்சும். நிழற்படங்களைக் குறைத்தால் இன்னும் மிஞ்சும். அதன்பின்னும் போதாவிட்டால் ஒரு மடிப்பைக் கூட்டலாம். ஒடுங்கிய எழுத்து வேண்டுமெனில் அதற்கென வரைந்ததையே நடுத்தரத் தடிப்பில் கொள்ளலாம். நசுக்கும் கட்டத்தில் கை வைக்க வேண்டாம். மிக மெல்லியதை அட்டையில் பெரிய அளவில் வரும் ஓரிரு சொற்களுக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே அது தன் அழகைக் காட்டட்டும். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு படியை எடுத்து, அன்பியத்தில் மூத்த ஒருவரிடம் தந்து, மாலை வெளிச்சத்தில் வாசிக்கச் சொல்லலாம். இதைவிடச் சிறந்த திறனாய்வாளர் எழுத்துக்கு வாய்ப்பதில்லை.

குழுவின் அடுத்த கூட்டத்தில் இவற்றைச் சொன்னேன். சிலர் ஒப்பினர், சிலர் செலவைச் சுட்டினர். பெருங்கொடையாளர் பெயரைச் சிறிதாக்கினால் அடுத்த ஆண்டு கொடை குறையும் என்று ஒருவர் ஒளிவின்றிச் சொன்னார். அவருடைய நேர்மையை நான் மதிக்கிறேன். அச்சம் பொய்யென்று சொல்லவும் என்னால் இயலாது. எல்லாப் பெயர்களையும் ஒரே எழுத்தில், ஒரே அளவில் அச்சிடுவது என்னும் என் முன்மொழிவு இன்னும் முடிவாகவில்லை.

ஆறாம் திருவிழாவன்று மாலைத் திருப்பலிக்கு முன், கருத்துகள் வாசிக்கப்பட்டன. வாசித்தவர் பதினேழு பெயர்களையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். அவருக்காகப் பெயர்களை நான் முந்திய இரவே ஒரு வெள்ளைத்தாளில் பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுத்திருந்தேன். பெரியம்மா பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் அமர்ந்திருந்தார்கள். திருப்பலி முடிந்ததும் என்னிடம் வந்து, அந்தத் தாளைத் தரமுடியுமா என்று கேட்டார்கள். கொடுத்தேன். அழைப்பிதழை அன்று அவர்கள் கையில் நான் காணவில்லை.